அடைகாக்கும் முற்றம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

முட்டை இன்று பலருக்குக் கடையில் எண்ணி வாங்கும் பொருள். முற்றத்தில் கோழி வளர்ப்போருக்கோ அது நாள்தோறும் விடை தேடும் வினா. உண்பதா, விற்பதா, அடைவைப்பதா என்னும் அவ்வினாவுக்குச் சிந்தித்து விடை கண்டு, நாட்டுக்கோழியின் வழியைக் காத்து வந்தவர்கள் நம் சிற்றூர்ப் பெண்கள். ஓர் இளங்கோழியின் முதல் முட்டை தொடங்கி, முதல் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவரும் வரை நிகழ்வன யாவை? அதில் மனிதரின் பங்கு என்ன? இப்பாடம் அவற்றை எடுத்துரைக்கிறது.

இடம் தேடும் இளங்கோழி

முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டையை விடைக்கோழி என்பர். நாட்டுக்கோழி ஐந்து அல்லது ஆறு திங்களில் முட்டையிடும் பருவத்தை அடையும். அப்பருவம் நெருங்குவதை வீட்டார் எளிதில் உணர்வர். வெளிறியிருந்த கொண்டை சிவக்கும். முகம் பொலிவு பெறும். அதுவரை குப்பைமேட்டையே சுற்றிவந்த கோழி, அழையாத விருந்தாளியாக வீட்டுக்குள் நுழையும். குதிரின் பின்புறம், விறகடுக்கின் இடுக்கு, வைக்கோற்போரின் அடி, பரணில் கிடக்கும் பழங்கூடை என ஒவ்வோர் இடமாகச் சென்று பார்க்கும். அமர்ந்து எழும், மீண்டும் வேறிடம் செல்லும். அப்போது அது நீட்டி எழுப்பும் தனியொலியைக் கேருதல் என்று வழங்குவர்.

"கோழி கேருகிறது, இடம் பார்க்கிறது" என்று சொல்லும்போது அந்த வீட்டில் ஓர் எதிர்பார்ப்பு பிறந்துவிடுகிறது. ஆளரவம் குறைந்த, வெளிச்சம் மங்கிய மூலையில் ஒரு கூடையை வைத்து, அதில் மணலோ வைக்கோலோ பரப்பி வைப்பர். கோழி அவ்விடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சிறுவரை அப்பக்கம் செல்லவிடாமல் தடுப்பர். எனினும் மறைந்து நின்று பார்ப்பதைச் சிறுவர் கைவிடுவதில்லை.

பின்னர் ஒருநாள் கூடையிலிருந்து எழுந்து வந்த கோழி முற்றம் அதிரக் கொக்கரிக்கும். சேவலும் அதனோடு சேர்ந்து குரல் கொடுக்கும். ஓடிச்சென்று பார்த்தால் வைக்கோலின் நடுவே முதல் முட்டை. அது அளவில் சிறியது. சிலவேளை ஓட்டின் மேல் மெல்லிய குருதிக்கீற்றும் காணப்படும். கையில் எடுத்தால் இளஞ்சூடு மாறாதிருக்கும். பருந்துக்கும் கீரிக்கும் நோய்க்கும் தப்பி, மாதக்கணக்கில் இரையூட்டி வளர்த்த ஓர் உயிர் தந்த முதற்பயன் அது. சிறிய அம்முட்டையைப் பெரிய முட்டைகளோடு ஒப்பிட்டு எவரும் குறைகூறுவதில்லை.

ஒருநாள் வேலை

ஒரு முட்டை முழுமையாக உருவாவதற்கு ஏறத்தாழ 24 முதல் 26 மணிநேரம் தேவைப்படுகிறது. முதிர்ந்த மஞ்சட்கரு கருவகத்திலிருந்து விடுபட்டுக் கருக்குழாயினுள் இறங்குகிறது. அங்கே ஏறத்தாழ மூன்று மணிநேரத்தில் வெண்கரு அதனைச் சூழ்கிறது. அடுத்து மெல்லிய இரு சவ்வுகள் உருவாகின்றன. எஞ்சிய நேரத்தில் பெரும்பகுதி, அதாவது ஏறத்தாழ 20 மணிநேரம், ஓடு உருவாவதற்கே செலவாகிறது.

ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் பொருளாகும். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், இரையிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்பு போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்தும் அதனை எடுத்துக்கொள்கிறது. முட்டையிடும் கோழிக்கு நத்தையோட்டையும் கிளிஞ்சலையும் நொறுக்கிப் போடும் வழக்கத்திற்கு இதுவே அடிப்படை.

முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிப்பதற்கே சேவல் தேவை. சேவலோடு கூடிய பின்னர் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை பெட்டை கருவுற்ற முட்டைகளை இடக்கூடும். ஆகவே அடைவைக்க விரும்புவோர் தம்மிடம் நல்ல சேவல் இல்லையெனில், அண்டை வீட்டுச் சேவலோடு தம் கோழிகளைப் பழகவிடுவர். முற்றங்களுக்கு இடையே மதில் எழாத காலத்தில் இது இயல்பாகவே நிகழ்ந்தது.

தெரிந்து தெளிவோம்

உலகெங்கும் வளர்க்கப்படும் வீட்டுக்கோழிகளின் முதன்மையான மூதாதை, தென்கிழக்காசியா முதல் இந்தியா வரை பரவி வாழும் செந்நிறக் காட்டுக்கோழி. எனினும் பல வீட்டுக்கோழிகளின் தோலில் காணப்படும் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் கூவும் அப்பறவைக்கு உலகின் கோழிப்பண்ணைகளோடு உறவு உண்டு.

மூன்று வழிகள்

நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் பன்னிரண்டு முதல் பதினெட்டு முட்டைகள் வரை இடும். கூடையில் ஒரு முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நாள்தோறும் எடுத்து வைப்பர். ஒரு முட்டையேனும் இருந்தால்தான் கோழி அதே இடத்திற்கு மீண்டும் வரும். இவ்வாறு சேரும் முட்டைகளின் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, உண்பது. வளரும் பிள்ளைக்கும் நோயிலிருந்து தேறுபவருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அது ஊட்டம். இரண்டாவது, விற்பது. சிற்றூர்ப் பெண்கள் பலருக்குத் தம் கையாலேயே ஈட்டித் தம் விருப்பப்படியே செலவிடக்கூடிய பணம், கோழியும் முட்டையும் விற்றுவந்த பணமாகவே இருந்தது. சிறுவாடு என்று வழங்கப்பெறும் அச்சேமிப்பு அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப்பானையிலும் இருந்துகொண்டு, பிள்ளையின் எழுதுசுவடிக்கும் திடீர் மருத்துவச் செலவுக்கும் உதவியது. நிலம் ஆண்மகன் பெயரில் இருக்கலாம். கோழி பெரும்பாலும் பெண்ணுடையது.

மூன்றாவது வழி, அடைவைப்பது. மூன்றிலும் அரிய முடிவு இதுவே. பன்னிரண்டு முட்டைகளை விற்றால் இன்றே பணம் கிடைக்கும். அடைவைத்தால் அப்பணம் இல்லை. அடைகாக்கும் கோழி முட்டையிடுவதையும் நிறுத்திவிடும். குஞ்சுகள் பொரிந்தாலும் அவை வளர்ந்து பயன்தர ஐந்தாறு திங்கள் ஆகும். அதற்குள் பருந்துக்கும் பூனைக்கும் நோய்க்கும் எத்தனை போகும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அவ்வாறிருந்தும் பத்து முட்டைகளை உண்ணாமலும் விற்காமலும் ஒதுக்கி வைப்பது, பசிக்கும் வேளையிலும் விதைநெல்லைத் தொடாத உழவரின் செயலுக்கு ஒப்பாகும். அடைமுட்டை முற்றத்தின் விதைநெல்.

இவ்விதை ஒரு வீட்டோடு நின்றுவிடுவதில்லை. கோழியில்லாத வீட்டாரிடம் ஒரு பெட்டையைக் கொடுத்து வளர்க்கச் செய்து, பொரிக்கும் குஞ்சுகளை இருவீட்டாரும் பகிர்ந்துகொள்வது உண்டு. இதனை வாரத்துக்கு விடுதல் என்பர். கொடுப்பவருக்கு இடமும் உழைப்பும் மிச்சம். பெறுபவருக்கு முதலீடின்றி ஒரு கோழிக்குடும்பம். இவ்வழக்கத்தில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒரு வீட்டுக் கோழிகள் நோயில் மடிந்தாலும், வாரத்துக்கு விட்ட வீட்டில் அதே வழி உயிரோடிருக்கும்.

அடைவைத்தல்

ஓர் ஈட்டின் முட்டைகளை இட்டு முடித்ததும் கோழியின் இயல்பு மாறுகிறது. கூடையை விட்டு எழ மறுக்கும். இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு உடலைப் பரப்பி அமரும். கை நீட்டினால் கொத்தும். குரலும் தாழ்ந்து, விட்டுவிட்டு ஒலிக்கும். மூளையடிச் சுரப்பி வெளிவிடும் புரோலாக்டின் என்னும் இயக்குநீர் மிகுவதே இம்மாற்றத்திற்குக் காரணம். வீட்டார் இதனை 'அடைக்கு உட்கார்ந்துவிட்டது' என்பர். தென்மாவட்டங்களில் 'அவயத்துக்குப் படுத்துவிட்டது' என்றும் கூறுவர். குஞ்சு வேண்டாதபோது கோழியைத் தண்ணீரில் முக்கியெடுத்து அடை தெளியச் செய்வதும் உண்டு.

அடைவைக்கும் முட்டைகளைத் தேர்ந்தெடுப்பதில் நுட்பமான அறிவு பொதிந்துள்ளது. மிகப்பெரியதும் மிகச்சிறியதும் விலக்கப்படும். கீறல் விழுந்தவை கழிக்கப்படும். அழுக்கடைந்த முட்டையைக் கழுவி வைப்பதில்லை. ஓட்டின் மேல் இயற்கை பூசியுள்ள மெல்லிய படலம் நுண்ணுயிர்கள் உட்புகாமல் தடுக்கிறது. கழுவினால் அது நீங்கிவிடும்.

முட்டைகளைச் சேர்த்து வைக்கும் இடமும் முக்கியமானது. கருவுற்ற முட்டையில், அது இடப்படும்போதே ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் தோன்றியிருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழ் இருந்தால் அவ்வளர்ச்சி உறங்கிக் கிடக்கும். கோடையின் வெப்பத்திலோ, அது முற்றிலும் உறங்கவும் இயலாமல் முறையாக வளரவும் இயலாமல் அழிந்துபோகும். இதனை அறிந்தோ அனுபவத்தால் உணர்ந்தோ, நம் பெண்கள் முட்டைகளைத் தண்ணீர்ப்பானைக்கு அருகிலுள்ள ஈரமணலின் மேல் மண்கலத்தில் வைத்துக் காத்தனர். கோடையில் நெடுநாள் சேர்த்த முட்டைகள் கூழ்முட்டைகளாவதையும் கண்டு, புதியனவற்றையே தேர்ந்தெடுத்தனர்.

பின்னர் கூடையிலோ அகன்ற சட்டியிலோ மணலையும் உமியையும் பரப்பி, நடுவில் சற்றுக் குழிவாக்குவர். அவ்வாறு செய்தால் முட்டைகள் சிதறி ஓடாமல் கோழியின் உடலுக்கு அடியில் ஒருங்கே இருக்கும். ஒவ்வொரு முட்டையிலும் கரித்துண்டால் ஒரு கோடு இடுவர். வேறு கோழி புகுந்து இட்டுச்செல்லும் புது முட்டையை அடையாளம் காண அக்கோடு உதவும். இடியோசையால் முட்டை கெட்டுவிடும் என்னும் நம்பிக்கையில் இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் மிளகாய்வற்றலும் உடன்வைப்பது உண்டு. கோழியின் உடல் எத்தனை முட்டைகளை முழுமையாக மூட முடியுமோ அத்தனையே வைப்பர். ஆசைப்பட்டு ஐந்தாறு கூடுதலாக வைத்தால், ஓரத்து முட்டைகள் மாறிமாறிக் குளிர்ந்து பலவும் கெடும்.

21 நாள்கள்

கோழிமுட்டை பொரிவதற்கு 21 நாள்கள் ஆகும். அந்நாள்களில் கோழி ஒருநாளில் ஒருமுறை, பெரும்பாலும் கால்மணி நேர அளவே, இரைதேடவும் நீரருந்தவும் எழுந்து வரும், விரைந்து மீளும். அதன் மார்புப் பகுதியில் இறகுகள் உதிர்ந்து, தோல் நேரடியாக முட்டைகளின் மேல் படும். அவ்வெப்பம் முட்டைகளை ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசு அளவில் காக்கிறது. அலகாலும் கால்களாலும் கோழி முட்டைகளை ஒருநாளில் பலமுறை புரட்டுகிறது. ஓரத்தில் உள்ளவற்றை நடுவுக்குத் தள்ளுகிறது. புரட்டாவிட்டால் வளரும் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும்.

முட்டையினுள் நிகழும் மாற்றங்கள் விரைவானவை. இரண்டாம் நாள் முடிவதற்குள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. ஏழாம் நாளளவில் இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், சிலந்தியின் கால்களைப்போல் கிளைத்த செந்நிறக் குருதிநாளங்கள் தெரியும். கருவுறாத முட்டையோ தெளிந்து வெறுமையாக இருக்கும். விளக்கின்முன் கையைக் குவித்து முட்டையைப் பார்க்கும் பாட்டியும், தோளருகே எட்டிப்பார்க்கும் பேரனும் பேத்தியும் அங்கே காண்பது ஓர் உயிர்நூற் பாடம்.

வளரும் கரு ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியாகக் காற்றைப் பெறுகிறது. ஒரு முட்டையில் அத்தகைய துளைகள் 7,000க்கும் மேற்பட்டவை. தன் எலும்புகளுக்கு வேண்டிய சுண்ணாம்பையும் ஓட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. தாய் தன் எலும்பிலிருந்து ஓட்டுக்கு ஈந்தது, ஓட்டிலிருந்து குஞ்சின் எலும்புக்குச் செல்கிறது. அதனால் பொரியும் வேளையில் ஓடு முன்னினும் எளிதில் உடையத்தக்கதாகிறது.

தெரிந்து தெளிவோம்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கோழிமுட்டையின் வளர்ச்சியை நாள்வாரியாகக் கூர்ந்து நோக்கினார். மூன்று நாள் அடைகாத்த முட்டையினுள் குருதித்துளிபோல் ஒரு புள்ளி துடிப்பதையும், அதுவே இதயமென்பதையும் பதிவுசெய்தார். கருவளர்ச்சியியல் என்னும் துறையின் தொடக்கங்களுள் ஒன்று, வீட்டுக்கோழியின் முட்டையில் அமைந்தது.

ஓட்டினுள் ஒரு குரல்

பதினைந்து நாள்களில் ஒவ்வொன்றாக இடப்பட்ட முட்டைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரேநாளில் பொரிவது எவ்வாறு? கோழி முறையாக அடையில் அமரும் வரை அவற்றின் வளர்ச்சி தொடங்குவதில்லை. அமர்ந்ததும் அனைத்தும் ஒருங்கே தொடங்குகின்றன. மூத்த முட்டை இளைய முட்டைக்காகக் காத்திருக்கிறது.

பத்தொன்பதாம், இருபதாம் நாள்களில் குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையைக் கிழித்து முதன்முறையாக நுரையீரலால் மூச்சுவிடுகிறது. எஞ்சிய மஞ்சட்கரு அதன் வயிற்றினுள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அப்போது முட்டையைக் காதருகே வைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்கும். தாய்க்கோழி தாழ்ந்த குரலில் மறுமொழி தருகிறது. குஞ்சு தாயின் முகத்தைக் காண்பதற்கு முன்பே அதன் குரலை அறிந்துவிடுகிறது.

அலகின் நுனியில் உள்ள முட்டைப்பல் என்னும் சிறு முகட்டால் குஞ்சு ஓட்டைக் குத்தித் துளையிடுகிறது. முதல் துளைக்கும் முழுமையாக வெளிவருவதற்கும் இடையே அரைநாள் முதல் ஒருநாள் வரை ஆகலாம். காண்போருக்கு உதவவேண்டும் என்று தோன்றும். ஆயினும் பட்டறிவுடையோர் ஓட்டை உரிக்க விடமாட்டார்கள். உட்சவ்விலுள்ள குருதிநாளங்கள் வற்றுவதற்குமுன் உரித்தால் குருதி கசிந்து குஞ்சு இறக்கக்கூடும். அன்பு மிகுந்தபோதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டிய வேளை அது.

ஈரமாக, தலை நிமிராமல் வெளிவரும் குஞ்சு சில மணிநேரத்தில் உலர்ந்து பஞ்சுருண்டையாகிறது. வயிற்றில் உள்ள மஞ்சட்கரு ஏறத்தாழ இரண்டு நாள்களுக்கு உணவாகும். எனவேதான் கடைசிக் குஞ்சும் பொரியும் வரை முதல் குஞ்சு பசியின்றித் தாயின் இறகுக்குள் காத்திருக்க முடிகிறது.

சிற்றூர்களில் வாத்துமுட்டையையும் கோழியைக் கொண்டே அடைவைப்பது உண்டு. வாத்துமுட்டை பொரிய 28 நாள்கள் ஆகும். கோழி அந்த ஏழு நாள்களையும் கூடுதலாக அமர்ந்து காக்கிறது. அது நாள்களை எண்ணுவதில்லை; ஓட்டினுள்ளிருந்து குரல் வரும்வரை காக்கிறது. பின்னர் அவ்வாத்துக்குஞ்சுகள் குளத்தில் இறங்கி நீந்தும்போது, கரையில் நின்று பதறி அழைக்கும் கோழியைக் கண்டோர் பலர்.

தாயும் குஞ்சும்

குஞ்சுகளோடு முற்றத்தில் இறங்கும் கோழி வேறொரு பறவையாகிவிடுகிறது. இரையைக் கண்டால் தான் உண்ணாமல் கொத்திக்கொத்திக் கீழே போட்டுக் குரல் கொடுக்கிறது; குஞ்சுகள் ஓடிவந்து அதனைப் பொறுக்குகின்றன. வானில் பருந்து தோன்றினால் ஒருவகை ஒலியும், தரையில் பூனையோ நாயோ வந்தால் வேறுவகை ஒலியும் கோழிகள் எழுப்புவதை விலங்கு நடத்தையியல் ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. முதல் ஒலி கேட்டால் குஞ்சுகள் ஓடி ஒளியும். 'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்னும் பழமொழி இத்தாய்மையைக் கண்டவர்கள் சொன்னது.

இக்காட்சி நம் பழைய இலக்கியத்திலும் இடம்பெற்றுள்ளது. குறுந்தொகையின் 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைவேளையில் வேலியோரம் காட்டுப்பூனை வந்ததும் புகுமிடம் அறியாது கலங்கும் வீட்டுக்கோழியையும், அது தன் குஞ்சுகளைத் துயரத்தோடு கூவி அழைப்பதையும் காட்டுகிறார். ஊரில் எழும் பழிச்சொல்லின் இன்னாமைக்கு அக்குரலை உவமையாக்குகிறார். முற்றத்துக் கோழியின் அச்சக்குரலைப் பலமுறை கேட்டறிந்த செவியில் தோன்றிய உவமை அது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையோ, உலரவைத்த தானியத்தைக் கவரவந்த கோழியைப் பெண்கள் தம் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டியதாகக் கூறிச் சோழநாட்டின் வளத்தை உணர்த்துகிறது. ஒரு பாடலில் அன்பின் உருவாகவும் மற்றொன்றில் குறும்பின் உருவாகவும் தோன்றும் கோழி, இரண்டிலும் பெண்கள் வாழும் மனையிலேயே இருக்கிறது.

இழப்பும் காப்பும்

குஞ்சுகளைக் கண்ட மகிழ்ச்சி பொறுப்பாக மாறும் காலம் முதல் எட்டு வாரங்கள். பகலில் தாயோடும் குஞ்சுகளோடும் சேர்த்துப் பஞ்சாரத்தால் கவிழ்த்து வைப்பர். மூங்கிற்சிம்புகளால் முடைந்த அக்கூடை காற்றையும் ஒளியையும் விடும், பருந்தை விடாது. குருணையும் கம்பும் கேழ்வரகும் இரையாகும். பழங்கோணியையும் சாணத்தையும் பானையில் இட்டு, நீர் தெளித்து, புற்றுமண் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் அதில் கறையான் சேர்ந்திருக்கும். வளரும் குஞ்சுக்கு அது செலவற்ற புரத உணவு.

நாட்டுக்கோழிக்குப் பெரும்பகை வெள்ளைக்கழிச்சல் என்னும் இராணிக்கேத் நோய். நச்சுயிரியால் பரவும் இந்நோய் வந்துவிட்டால் ஒரு தெருவின் கோழிகள் முழுவதும் சில நாள்களில் மடிந்துபோகும். நோய் வந்தபின் மருந்தில்லை. வருமுன் தடுப்பதே வழி. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், பின்னர் எட்டாம் வார அளவில் தடுப்பூசியும் இடப்படுகின்றன. கால்நடைப் பராமரிப்புத் துறை இதற்கெனச் சிற்றூர்களில் முகாம்களை நடத்துகிறது. அங்குமிங்கும் அலையும் கோழிகளைப் பிடித்து ஊசியிடுவது கடினம் என்பதை உணர்ந்து, இரையோடு கலந்து கொடுக்கத்தக்க குருணை வடிவத் தடுப்புமருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. மரபறிவு அடைவைக்கவும் தேர்ந்தெடுக்கவும் கற்பித்தது. நச்சுயிரியை வெல்லும் வழியை அறிவியல் தந்தது. முற்றத்துக்கு இரண்டும் வேண்டும்.

அடை மறந்த கோழி

இன்று நாம் கடையில் வாங்கும் முட்டை பெரும்பாலும் நாமக்கல் போன்ற இடங்களில் உள்ள பண்ணைகளிலிருந்து வருகிறது. வெள்ளை லெகார்ன் இனவழி வந்த அக்கோழிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 முட்டைகள் இடுகின்றன. முற்றத்து நாட்டுக்கோழி இடுவதோ 60 முதல் 80 வரை. ஏழைச் சிறுவரின் தட்டுக்கும் முட்டை எட்டும்படி செய்த பெருமை பண்ணைகளுக்கு உண்டு. அதனை மறுக்க இயலாது.

ஆனால் அந்த 300க்கு ஒரு விலை கொடுக்கப்பட்டது. அடைகாக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்தும் என்பதால், அடைக்கு அமராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து அவ்வினங்கள் உருவாக்கப்பட்டன. அவற்றின் குஞ்சுகளைப் பொரிப்பது பொறி. மேலும், அக்கலப்பினக் கோழியின் முட்டையைப் பொரிக்க வைத்தாலும் அதன் பண்புகள் குஞ்சுகளில் அவ்வாறே அமைவதில்லை. வளர்ப்பவர் ஒவ்வொரு முறையும் புதிய குஞ்சுகளை விலைகொடுத்தே வாங்கவேண்டும். விதை வேறொருவர் கையில் இருக்கிறது.

நாட்டுக்கோழிக்கும் இந்நிலை நெருங்கி வருகிறது. அதன் இறைச்சிக்கு விலை உயர்ந்ததால், சிறுவிடை, பெருவிடை முதலிய வகைகளின் முட்டைகளும் பொறிகளில் பெருமளவில் பொரிக்கப்படுகின்றன. எண்ணிக்கை பெருகுவது நன்றே. ஆனால் முற்றத்தில் நிகழ்ந்த தேர்வு அங்கு நிகழ்வதில்லை. 'இந்தக் கோழி அடையில் நன்றாக அமரும். இது குஞ்சுகளைப் பருந்துக்குக் கொடுக்காது. இதன் முட்டைகளை வை' என்று கூறியபோது, நம் பெண்கள் நல்ல தாய்களின் வழியைத் தேர்ந்தெடுத்தனர். பொறியில் நல்ல தாயும் பொறுப்பற்ற தாயும் ஒன்றே; இரண்டின் முட்டைகளும் பொரிகின்றன. பல தலைமுறைகள் இவ்வாறு சென்றால், நாட்டுக்கோழி என்னும் பெயரும் நிறமும் எஞ்சியிருக்க, அடைகாக்கும் இயல்பு தேய்ந்துபோகலாம். அதனோடு கேருவதைக் கேட்டு இடம் வைக்கவும், ஒளியில் முட்டையைப் பார்க்கவும், ஓட்டை உரிக்காமல் பொறுத்திருக்கவும் தெரிந்த மனிதர்களும் அருகிவிடுவர்.

இதனைத் தடுக்கப் பெரும்பொருள் தேவையில்லை. இடமுள்ள வீடுகளில் இரண்டு பெட்டையும் ஒரு சேவலும், ஒரு பஞ்சாரமும், உரிய காலத்தில் தடுப்புமருந்தும் போதும். கிராமப்புறப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வழங்கும் புறக்கடைக் கோழிவளர்ப்புத் திட்டங்களை அரசு செயற்படுத்தியுள்ளது. பெற்ற குஞ்சுகளை வளர்த்து விற்பதோடு அப்பணி முடிந்துவிடின், அடுத்த ஆண்டும் குஞ்சுகளுக்காகக் கைநீட்ட வேண்டியிருக்கும். அவற்றுள் நன்கு அடையமரும் ஒரு பெட்டையைக் கண்டறிந்து, பத்து முட்டைகளை அதன் சிறகடியில் வைக்கும் வீட்டில்தான் விதை தங்கும். உண்ணவும் விற்கவும் உரிமை இருந்தும் அந்தப் பத்தை ஒதுக்கி வைத்த கைகளால்தான், சங்கப் புலவர் கேட்ட கோழியின் குரல் இன்றும் நம் முற்றங்களில் கேட்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கோழி வளர்த்த மூத்த பெண்ணிடம் அடைவைக்கும் முறையைக் கேட்டறிந்து, அவர் கூறும் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.
2. கோழி, குஞ்சு, முட்டை ஆகியவை இடம்பெறும் பழமொழிகளைத் திரட்டி, அவை வழங்கும் சூழல்களை எழுதி வகுப்பறையில் படித்துக்காட்டுக.
3. 'பண்ணைக்கோழி வளர்ப்பும் முற்றத்துக்கோழி வளர்ப்பும் ஒன்றுக்கொன்று துணையே' என்னும் பொருளில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. கேருதல் என்பது யாது?
2. கூடையில் ஒரு முட்டையை விட்டுவைப்பது ஏன்?
3. 'வாரத்துக்கு விடுதல்' என்னும் வழக்கத்தின் இரு பயன்களைக் குறிப்பிடுக.

சிறுவினா
1. வெவ்வேறு நாள்களில் இடப்பட்ட முட்டைகள் ஏறத்தாழ ஒரேநாளில் பொரிவதன் காரணத்தை விளக்குக.
2. பொரியும் குஞ்சின் ஓட்டை உரித்தல் கூடாது என்பது ஏன்?
3. சங்க இலக்கியத்தில் வீட்டுக்கோழி இடம்பெறும் இரு காட்சிகளை ஒப்பிடுக.

நெடுவினா
1. 'அடைமுட்டை முற்றத்தின் விதைநெல்' என்னும் கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
2. முட்டைகளைத் தேர்ந்தெடுத்தல், காத்தல், அடைவைத்தல் ஆகியவற்றில் வெளிப்படும் சிற்றூர்ப் பெண்களின் பட்டறிவை அறிவியல் நோக்கில் விளக்குக.